கானாவுக்குக் கிளம்பும் முந்திரி வணிகத் தம்பி தங்கையருக்கு

பண்ருட்டியிலும் மார்த்தாண்டத்திலும் தூத்துக்குடியிலும் அப்பா, சித்தப்பாக்களிடமிருந்து முந்திரி ஆலைகளின் பொறுப்பைக் கையில் வாங்கியிருக்கும் தம்பி தங்கையரே!

அண்மையில் ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "கானா நம்பிப் போகக்கூடிய நாடா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை சொன்னவர்களை நம்பி நான் பணத்தை இழந்தவன். அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று பொறுமையாக எழுதுகிறேன். நீங்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நீங்கள் ஏன் கிளம்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் மண்ணில் விளையும் கொட்டை நம் ஆலைகளின் பசிக்குப் போதாது. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை வந்தால்தான் ஆண்டு முழுக்க அடுப்பு எரியும், உடைக்கும் பெண்களுக்குக் கூலி ஓடும். விளைச்சலில் முதலிடத்தில் இருக்கும் ஐவரி கோஸ்ட் தன் கொட்டையைத் தன் நாட்டிலேயே உடைக்க வேண்டும் என்று ஆண்டுக்கு ஆண்டு முனைகிறது. பெனின் ஒருபடி மேலே போய் 2024 ஏப்ரல் முதல் பச்சைக்கொட்டை ஏற்றுமதியையே நிறுத்தியது. ஆகவே எல்லோர் பார்வையும் கானா பக்கம் திரும்பியிருக்கிறது. பார்வை திரும்பும்போது தரகர்களும் கூடுவார்கள், அறிக்கைகளும் கூடும்.

அறிக்கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உலக வங்கி ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியிட்டு வந்தது. எந்த நாட்டில் தொழில் செய்வது எளிது என்று 190 நாடுகளை வரிசைப்படுத்தும். 2020-க்கான பட்டியலில் கானாவுக்கு 118-ஆம் இடம். அடுத்த ஆண்டே, தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்ததால், அந்தப் பட்டியலையே உலக வங்கி கைவிட்டது. பட்டியல் நேர்மையாக இருந்திருந்தாலும், கானாவின் சாம்பா சந்தையில் சாக்கில் கட்டிய கொட்டை காய்ந்ததா ஈரமா என்று அது நமக்குச் சொல்லியிருக்காது. ஒரு நாட்டுக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டு வணிகம் செய்ய முடியாது. உங்கள் பணம் இங்கிருந்து அங்கே போகும் வழி ஒன்று. உங்கள் சரக்கு அங்கிருந்து இங்கே வரும் வழி ஒன்று. இந்த இரண்டு வழிகளிலும் எந்தெந்த முனையில் யார் நிற்கிறார், அவர் தலையில் என்ன சுமை இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் மதிப்பீடு.

இதை நான் கற்றுக்கொண்டது என் இரண்டாவது பருவத்தில். கானாவின் தெச்சிமானில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். ஒரு முகவர் மாதிரி கொண்டுவந்தார். நானே கட்டிங் டெஸ்ட் செய்தேன். ஒரு கிலோ கொட்டையை எண்ணி, வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, பிஞ்சு, சொத்தை என்று பிரித்து நிறுத்தேன். 80 கிலோ சாக்குக்கு 49 ராத்தல் அவுட்டேர்ன், அதாவது தேறும் நல்ல பருப்பு, வந்தது. கானாக் கொட்டைக்கு அது நல்ல எண். மகிழ்ச்சியோடு ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஏற்றியது மே மாதம். தூத்துக்குடியில் கன்டெய்னர் கதவைத் திறந்தபோது பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. வெட்டிப் பார்த்தால் 42. அந்த ஆண்டின் லாபம் அத்தனையும் அந்த ஏழு ராத்தலில் கரைந்தது.

பல மாதம் அந்த முகவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறு ஆண்டு அவர் வாங்கிய கிராமங்களுக்கே போய் உட்கார்ந்த பிறகுதான் நடந்தது விளங்கியது. அங்கே பருவம் பிப்ரவரியில் தொடங்குகிறது. சகாராவிலிருந்து அடிக்கும் ஹர்மட்டான் காற்று அடங்கும் நேரம் அது; தரை காய்ந்திருக்கும், விழுந்த கொட்டையும் காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மழை இறங்கிவிடும். பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் பணம் தேவைப்படும் விவசாயி கொட்டை காயும்வரை காத்திருக்க மாட்டார். முகவரோ, "இந்தக் கப்பலை விட்டுவிடாதே" என்று நாள்தோறும் போனில் நெருக்கிய என் குரலுக்குப் பயந்து, கிடைத்ததையெல்லாம் சாக்கில் கட்டியிருக்கிறார். ஈரக் கொட்டையை ஏற்றச் சொன்னதில் என் பங்கும் இருந்தது. அன்றிலிருந்து, விடுதிக்கு வரும் மாதிரியை நான் வெட்டுவதில்லை. ஏற்றும் நாளில், ஏற்றும் இடத்தில், சாக்கைக் குத்தி எடுத்த கொட்டையைத்தான் வெட்டுகிறேன். ஈரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் கப்பல் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இனி பணத்தின் வழி. கானாவின் நாணயம் செடி. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 6 செடி. அதே ஆண்டின் பிற்பகுதியில் 13-ஐத் தாண்டிவிட்டது. டிசம்பரில் பணவீக்கம் 54 விழுக்காடு. அந்த மாதமே அரசு தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்தியது. 2023 மே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இதையெல்லாம் கேட்டு, செடி என்றாலே சரியும் நாணயம் என்று நம்மில் பலர் மனத்தில் எழுதிவைத்துக்கொண்டார்கள். அப்படி எழுதிவைத்தவர்களுக்கு 2025 பாடம் கற்பித்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் டாலருக்கு 15-ஐ ஒட்டியிருந்த செடி, மே முடிவில் 10-ஐ ஒட்டி வந்து நின்றது. நாணயம் வலுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பண்ணையில் கிலோ 15 செடி என்று வைத்துக்கொள்வோம். டாலர் 15 செடியாக இருந்தபோது அது ஒரு டாலர். 10 செடியானபோது ஒன்றரை டாலர். நமக்கு டாலரில் விலை பேசி ஒப்பந்தம் போட்டுவிட்டு, செடியில் கொட்டை வாங்கும் ஏற்றுமதியாளர் நடுவில் நசுங்கிப்போவார். நசுங்கியவர் என்ன செய்வார்? கப்பலைத் தள்ளிப்போடுவார், மட்டமான கொட்டையைக் கலப்பார், அல்லது தொலைபேசியை எடுக்க மாட்டார். நாணயம் எந்தப் பக்கம் அசைந்தாலும் யாருக்கோ வலிக்கும். அந்த வலி கடைசியில் உங்கள் சாக்கில் வந்து இறங்கும். ஆகவே ஒப்பந்தம் போடும்போது, டாலர் இரண்டு மூன்று செடி அளவுக்கு ஏறினாலும் இறங்கினாலும் எதிரில் இருப்பவர் பிழைப்பாரா என்று அவர் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். அவர் பிழைக்காத ஒப்பந்தம் உங்களுக்கும் கொட்டை கொண்டுவராது.

விலை விஷயத்தில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்தை ஏறும்போது ஆப்பிரிக்காவில் விற்றவர்கள் பின்வாங்குகிறார்கள் என்று நாம் குறைசொல்கிறோம். சந்தை இறங்கும்போது நம் பக்கத்து வாங்குபவர்கள், துறைமுகத்தில் சரக்கு கிடக்கும்போதே, தரம் சரியில்லை என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். துறைமுகத் தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏற ஏற விற்றவர் வேறு வழியின்றித் தலையாட்டுவார். அவர் அதை மறப்பதில்லை. தெச்சிமானில் நம்மவர்களுக்கு இருக்கும் பெயர் நல்லதா கெட்டதா என்பதும் கானாவின் வணிகச் சூழலில் ஒரு பகுதிதான். அதை உருவாக்கியது நாம்.

முன்பணம் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். முகவர் ஏன் முன்பணம் கேட்கிறார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கானாவின் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 2023-இல் 30 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. வங்கிக் கடன் வட்டி அதற்கும் மேலே. அந்த வட்டிக்குக் கடன் வாங்கி, மூன்று மாதப் பருவத்தில் கொட்டை சேர்த்து, நம்மிடம் விற்று லாபம் பார்க்க உள்ளூர்க்காரரால் முடியாது. பிறகு வட்டி இறங்கி, 2025 இறுதியில் 18 விழுக்காடு ஆனது. அதுவும் நம் ஊர் வட்டியைவிட மிக அதிகம்தான். முன்பணம் கேட்பவர் எல்லோரும் ஏமாற்றுபவர் இல்லை. ஏமாற்றுபவரும் அதையேதான் கேட்பார் என்பதால் நாம் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்கும் விதம் இது. நிறுவனப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த நிறுவனத்தின் பெயரையும் இயக்குநர்களையும் காசு கட்டித் தேடிப் பார்க்கலாம். பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்புவதில்லை. தலைநகர் அக்ராவில் இருக்கும் இந்திய உயர் ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. முதல் பருவத்தில் ஒரு கன்டெய்னர் அளவு மட்டுமே. பணம், கொட்டை கிடங்குக்குள் வந்து எடைபோட்ட பிறகு, பகுதி பகுதியாக. கிடங்குச் சாவி நம்பகமான மூன்றாவது ஆளிடம். எப்போதும் இல்லாத மலிவு விலையில் கொட்டையோ தங்கமோ தருகிறேன் என்று மின்னஞ்சல் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள். அந்த வலையில் விழுந்து வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து சட்டம். அங்கே வெளிநாட்டவர் முதலீட்டை ஒழுங்குபடுத்துவது 2013-ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்பு மையச் சட்டம். அது சில தொழில்களைக் கானா நாட்டவருக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. சந்தையில் சில்லறை விற்பனை, 25 வண்டிக்குக் குறைவான டாக்சித் தொழில், முடிதிருத்தகம், பாக்கெட் தண்ணீர், பள்ளி நோட்டுப் புத்தகம் ஆகியவை அதில் அடங்கும். உள்ளூர் கூட்டாளிக்குக் குறைந்தது பத்து விழுக்காடு பங்கு கொடுத்துத் தொடங்கினால் 2 லட்சம் டாலர் மூலதனம், முழுக்க நமதே என்றால் 5 லட்சம், வாங்கி விற்கும் வணிகம் என்றால் 10 லட்சம் டாலரோடு திறன் பெற்ற 20 கானா நாட்டவருக்கு வேலை என்று அந்தச் சட்டம் வகுத்தது. ஏற்றுமதி வணிகத்துக்கும் உற்பத்திக்கும் இந்த மூலதன வரம்பு இல்லை. வரம்புகளை மாற்றும் பேச்சு 2025-இல் எழுந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் நடப்பில் இருக்கும் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; என் மடலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த ஒதுக்கீட்டைப் பார்த்து, "வெளியாட்களைப் பிடிக்காத நாடு" என்று சிலர் சொல்கிறார்கள். 2019, 2020-இல் உள்ளூர் வணிகர் சங்கத்தினர் நைஜீரியர்களின் கடைகளைப் பூட்டிய செய்திகளையும் காட்டுகிறார்கள். அக்ராவின் மக்கோலா சந்தைக்கு ஒரு காலைநேரம் போய் நில்லுங்கள். தக்காளிக்கும் துணிக்கும் விலை வைப்பதும், கடன் கொடுப்பதும், சண்டை தீர்ப்பதும் அங்கே பெண்கள். அந்தச் சந்தை போனால் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காது. நம் ஊர்ச் சில்லறைக் கடைகளுக்காக நாம் எத்தனை முறை கடையடைப்பு நடத்தியிருக்கிறோம்! அதே நியாயம்தான் அங்கேயும். வேலி எங்கே என்று தெரிந்துகொண்டு அதற்கு வெளியே உழுதால் யாரும் உங்களைத் தொடமாட்டார்கள். ஒருவர் பெயரில் கடை, வேறொருவர் பணம் என்று குறுக்கே போனவர்கள்தான் பிறகு காவல் நிலையத்தில் நின்றார்கள்.

வேலி நகரும் என்பதையும் மறக்காதீர்கள். 2025-இல் தங்க வாரியச் சட்டம் வந்தது. மே 1 முதல் உள்நாட்டுச் சந்தையில் வெளிநாட்டவர் தங்கம் வாங்கி விற்க முடியாது என்றானது. முந்திரிக்கு மரப்பயிர் வளர்ச்சி ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தின்படி அமைந்தது, தலைமையகம் குமாசியில். பண்ணையில் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை அது அறிவிக்கிறது. அதற்குக் கீழே வாங்கிவிட்டேன் என்று பெருமை பேசாதீர்கள். அது விவசாயியின் பள்ளிக் கட்டணத்தில் கைவைப்பது.

அந்த நாட்டின் நிறுவனங்களை நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 1992 அரசமைப்புக்குப் பிறகு ஆளுங்கட்சி தோற்று எதிர்க்கட்சிக்கு ஆட்சி கைமாறியது நான்கு முறை: 2001, 2009, 2017, 2025. 2024 டிசம்பர் தேர்தலில் தோற்ற ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா, அதிகாரப்பூர்வ முடிவு வருமுன்பே எதிர்க்கட்சி வேட்பாளர் மகாமாவை வாழ்த்தித் தோல்வியை ஏற்றார். அதே வட்டாரத்தில் இருக்கும் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகளில் ராணுவம் ஆட்சியில் இருக்கும் காலம் இது. இன்னொரு காட்சியும் என் மனத்தில் நிற்கிறது. 2023 பிப்ரவரியில், உள்நாட்டுக் கடன் பத்திரங்களை அரசு மாற்றியமைக்க முனைந்தபோது, தம் சேமிப்பை அதில் போட்டிருந்த ஓய்வூதியர்கள் நிதி அமைச்சகத்தின் முன் அமர்ந்து போராடினார்கள். அவர்களோடு போய் நின்றவர் அந்நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அக்குஃபோ. அரசு கடைசியில் ஓய்வூதியர்களுக்கு விலக்கு அளித்தது. அரசு வாக்குத் தவறக்கூடும் என்பதையும், தவறும்போது கேள்வி கேட்க அங்கே குரல் உண்டு என்பதையும் அந்த ஒரு நிகழ்ச்சியில் கண்டேன். இரண்டையும் சேர்த்து எடைபோடுங்கள்.

சரக்கு வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெச்சிமானிலிருந்து தேமா துறைமுகம் சுமார் 400 கிலோமீட்டர். லாரிக்கு அது ஒரு இரவுக் கணக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேமாவில் 2019-இல் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தது. 2020 முதல் சுங்க வேலைகள் ஒரே மின்னணு அமைப்பில் நடக்கின்றன. தாள் குறைந்தது, தாமதம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. தாவர நலச் சான்று, பிறப்பிடச் சான்று, எடைச் சான்று மூன்றும் கையில் வந்த பிறகே இறுதிப் பணம் என்று எழுதுங்கள். கன்டெய்னருக்குள் காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் செய்யுங்கள். வழியில் கப்பல் மாறி ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடக்கும் கொட்டை பகலில் சூடேறி இரவில் வியர்க்கும். ஐவரி கோஸ்ட் எல்லையை ஒட்டிய சாம்பா போன்ற ஊர்களில் எந்த நாட்டுக் கொட்டை எந்தச் சாக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம்; பிறப்பிடச் சான்றில் பொய் எழுதச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், எழுதித் தந்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, எனக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். கானாவில் விளையும் கொட்டையில் பெரும்பகுதி ஓட்டோடு கப்பலேறிவிடுகிறது. ஓட்டோடு போகும் ஒவ்வொரு சாக்கோடும் உடைக்கும் கூலி, தோல் உரிக்கும் கூலி, தரம் பிரிக்கும் கூலி எல்லாம் சேர்ந்தே போகிறது. பெனின் கதவைச் சாத்தியதற்குக் காரணம் அதுதான். கானாவும் ஒருநாள் அந்தக் கதவைப் பாதியாவது சாத்தும் என்று நான் நினைக்கிறேன். சாத்தினால் அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

அந்த நாள் வருவதற்கு முன்பே உங்களில் சிலர் அங்கே ஆலை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உற்பத்திக்கு மூலதன வரம்பு இல்லை என்று மேலே சொன்னேன். 1995-ஆம் ஆண்டின் தடையற்ற வணிக மண்டலச் சட்டத்தில், உற்பத்தியில் 70 விழுக்காட்டையாவது ஏற்றுமதி செய்யும் ஆலைக்குப் பத்தாண்டு வருமானவரி விலக்கு உண்டு. தடைகளும் உண்டு. அரசமைப்பின்படி வெளிநாட்டவர் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது. அதிகபட்சம் 50 ஆண்டுக் குத்தகைதான். நிலத்தில் பெரும்பகுதி மரபுத் தலைவர்களின் பொறுப்பில் இருப்பதால், ஒரே நிலத்தை இருவருக்குக் கொடுத்த வழக்குகள் நிறைய; பதிவேட்டையும் தலைவரின் அவையையும் இரண்டையும் விசாரியுங்கள். மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு காலத்துக்கு அந்த மக்கள் 'தும்சோர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அணை, ஏற்று என்று பொருள். ஜெனரேட்டர் செலவைக் கணக்கில் சேருங்கள்.

இதெல்லாம் இருந்தும் நாம் போகலாம் என்று சொல்வதற்குக் காரணம், நம்மிடம் பணத்தைவிட அரிதான ஒன்று இருக்கிறது. கொட்டையைப் பதமாக வேகவைக்கவும், பருப்பு உடையாமல் ஓட்டைப் பிளக்கவும், விரல் நுனியால் தோலை நீக்கவும் தெரிந்த கைகள் பண்ருட்டியிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் பெண்களின் கைகள். அந்தப் பெண்களில் சிலரை ஆசிரியர்களாக, தகுந்த சம்பளத்தோடும் மரியாதையோடும், கானாவின் வென்ச்சிக்கும் தெச்சிமானுக்கும் கூட்டிப்போங்கள். அரைப் பங்கு பருப்பு அங்கே ஆகட்டும், அரைப் பங்கு கொட்டை இங்கே வரட்டும். இரண்டு ஊரிலும் அடுப்பு எரியும்.

அன்று கூட்டத்தில் கேட்ட தம்பிக்கு இப்போது சொல்கிறேன். பிப்ரவரியில் போங்கள். அறிக்கையோடு ஒரு கத்தியும் தராசும் ஈரமானியும் எடுத்துப் போங்கள். மூன்று வாரம் கிராமத்தில் தங்குங்கள். விவசாயி கொட்டையைத் தரையில் கொட்டிக் காய வைப்பதைப் பார்த்து, அவருக்கு எத்தனை செடி போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது "மெடாசி" என்று நன்றி சொல்லுங்கள். ஏற்றும் நாளில் மறுபடியும் அங்கே இருங்கள். அந்தப் பருவம் முடிந்து நீங்கள் திரும்பி வரும்போது, கானா நம்பிப் போகக்கூடிய நாடா என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள். எந்த ஊரில், யாரிடம், எந்த மாதம் வரை வாங்கலாம் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்வீர்கள். நான் குறித்துக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து உங்கள் தொழிலின் மூத்தவர் ஒருவர்